கண்ணோரச் சுருக்கமும் ஊசி வாணிகமும்

மனித முகத்திலே வயதின் முதற் சுவடு பதியும் இடங்களுள் ஒன்று கண்ணின் கடைக்கோடி. சிரிக்கும்பொழுது அவ்விடத்தில் விசிறிபோல் விரியும் கோடுகளை ஆங்கிலேயர் காக்கைக்கால் என்பர். இக்கோடுகளை அகற்றுவதற்கெனப் பொட்டுலினம் நச்சினை ஊசிவழி ஏற்றும் முறை, கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவி, இன்று பெரும் வாணிகமாக நிலைபெற்றுள்ளது. பொட்டொக்ஸ் என்ற வணிகப் பெயரே அந்நச்சுக்கு மக்கள் வழக்கில் பொதுப்பெயராகிவிட்டமை அவ்வாணிகத்தின் பரப்பினை உணர்த்தப் போதுமானது.

இவ்வாணிகத்தின் வெற்றிக்கதை பலராலும் பலபடப் பேசப்பட்டுள்ளது. அதன் மறுபக்கமோ சிகிச்சை அறைகளின் கதவுகளுக்கு உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஊசி ஏற்றிக்கொண்ட பெண்ணொருத்தி (இதனை நாடுவோருட் பெரும்பாலோர் பெண்களே) இரு வாரங்களின் பின் கண்ணாடியை நோக்குகின்றாள். கடைக்கண்ணிலே கோடுகள் குறைந்திருக்கின்றன. ஆயின், சிரிக்கும்பொழுது கன்னத்தின் மேற்புறத்தில் முன்னர் இல்லாத மடிப்பொன்று திரள்கின்றது. கீழிமையின் வீக்கம் முன்னிலும் தெளிவாகத் தெரிகின்றது. ஒரு கண் மற்றதிலும் சிறிதாகத் தோன்றுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் சிரிக்க முகம் சிரிக்காத விசித்திரம். அவள் முறையிடச் செல்கின்றாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் மறுமொழிகள் பெரும்பாலும் மூன்று: பொறுத்திருங்கள், சரியாகிவிடும்; அளவு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்; உங்கள் எதிர்பார்ப்பு யதார்த்தமானதன்று.

இம்மூன்று மறுமொழிகளும் ஓர் உண்மையை மறைப்பதற்குத் துணைபோகின்றன. அவளது அதிருப்தி பெரும்பாலும் அம்மருந்தின் இயல்பிலும் அது விற்கப்படும் முறையிலும் வேர்கொண்டது என்பதே அவ்வுண்மை. கைதேர்ந்த வைத்தியரிடம் சென்றிருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும் என்பது அரை உண்மை. அரை உண்மைகளே வாணிகத்துக்கு மிகவும் வாய்ப்பானவை.

இந்நச்சின் வரலாறு சிறிது நோக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மனியின் வூட்டம்பேர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிக்குழல்களை உண்டோர் உடல் செயலிழந்து இறந்தனர். அந்நோயை 1820களில் விரிவாக ஆராய்ந்தவர் யுஸ்தீனுஸ் கேர்னர் என்னும் வைத்தியர், அவர் கவிஞருமாவார். அந்நச்சைத் தம்மேலேயே சோதித்துப் பார்த்த அவர், மிகச் சிறிய அளவில் அது மருந்தாகவும் பயன்படக்கூடும் என ஊகித்தார். 1895இல் பெல்ஜியத்தின் கிராமமொன்றில் மரண வீட்டுக்கு வந்து பன்றியிறைச்சி உண்ட வாத்தியக் குழுவினர் நோயுற்று மூவர் இறந்ததை ஆராய்ந்த வான் எர்மெங்கம், இதற்குக் காரணமான பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். இறைச்சிக்குழலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பொட்டுலினம் என்ற பெயர் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இதனைப் போர்க்கருவியாக நோக்கிய அமெரிக்க இராணுவ ஆய்வுகளின் வழியாக, 1946இல் அது பளிங்குருவிற் பெறப்பட்டது. இன்று உலகறிந்த நச்சுக்களுள் மிகக் கொடியது எனக் கணிக்கப்படுவது இதுவே.

இதனை மருந்தாக்கிய பெருமை சான் பிரான்சிஸ்கோ நகரின் கண் வைத்திய நிபுணர் அலன் ஸ்கொட் அவர்களைச் சாரும். மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றிச் சீராக்க இயலுமா என்பதே அவர் எழுப்பிய வினா. 1970களில் குரங்குகளிலும் பின்னர் மனிதரிலும் அவர் நடத்திய ஆய்வுகளின் பயனாக, 1989 டிசெம்பரில் மாறுகண்ணுக்கும் இமைகள் கட்டுப்பாடின்றி இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் இம்மருந்தை ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. இமை திறக்கவியலாது, கண்ணிருந்தும் குருடராய் வாழ்ந்தோருக்கு அது பார்வையை மீட்டுக் கொடுத்தது. 1991இல் அதன் உரிமையை அலர்கன் என்னும் கம்பனி வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்திலே கனடாவின் வன்கூவர் நகரில், கண் வைத்தியரான ஜீன் கருதேர்ஸ் இமை நோய்க்கு ஊசி பெற்ற ஒருவரின் புருவ இடைக் கோடுகள் மறைந்திருப்பதைக் கண்டார். தோல் வைத்தியரான தம் கணவருடன் சேர்ந்து 1992இல் அதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். புருவ இடைக் கோடுகளுக்கு 2002இலும் கண்ணோரக் கோடுகளுக்கு 2013இலும் அமெரிக்க அங்கீகாரம் கிடைத்தது.

இவ்வரலாற்றிலே கவனிக்கவேண்டிய திருப்பம் ஒன்றுண்டு. மாறுகண்ணுக்கு ஊசி பெற்றவரின் மேலிமை சில வாரங்கள் சரிந்து தொங்கினால், அது நேரிய பார்வைக்காகக் கொடுக்கப்பட்ட விலை. நோயாளியும் வைத்தியரும் அவ்விலையை அறிந்தே ஏற்றனர். நோயே இல்லாத ஒருத்தியின் இமை அதே மருந்தினாற் சரியும்பொழுது அவ்விலை எதற்காகக் கொடுக்கப்பட்டது? நோய்க்குரிய மருந்தொன்று நோயற்றவரை நாடிச் செல்லும்பொழுது அதன் இலாப நட்டக் கணக்கு முழுவதும் மாறிவிடுகின்றது. ஆயினும் பழைய கணக்கையே காட்டிப் பக்கவிளைவு சிறிது, தற்காலிகமானது என ஆறுதல் கூறப்படுகின்றது.

மருந்தின் தொழிற்பாட்டை விளங்கிக்கொண்டால் அதிருப்தியின் முதற் காரணம் தெளிவாகும். நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் அசற்றைல்கோலின் என்னும் பொருள் வெளியேறுவதை இந்நச்சுத் தடுக்கின்றது. கட்டளை எட்டாத தசை தளர்கின்றது. தசை தளர, அதன் சுருக்கத்தால் மடியும் தோல் மடியாதிருக்கின்றது. சில நாட்களில் விளைவு தோன்றும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் இயங்கத் தொடங்க விளைவும் மறையும். இம்மருந்து செய்யக்கூடியது இவ்வளவே. ஆனாற் கண்ணைச் சூழ்ந்த கோடுகளும் குழிகளும் வீக்கங்களும் யாவும் தசைச் சுருக்கத்தாற் பிறந்தவையல்ல. வெயிலிற் பல்லாண்டு பட்ட தோலின் நார்கள் சிதைவதாலும், தோல் மெலிவதாலும், கீழிமையின் கொழுப்பு முன்தள்ளுவதாலும், கன்னத்தின் திரட்சி வற்றுவதாலும் உண்டாகும் மாற்றங்கள் முகம் அமைதியாக இருக்கும்பொழுதும் அங்கேயே இருப்பவை. தசையைத் தளர்த்துவதால் அவை அகலா. சில வேளைகளில் முன்னிலும் எடுப்பாகத் தெரியும். ஏனெனில், கீழிமையைத் தாங்கி நிறுத்துவதும் அத்தசையே. தாங்கும் தசை தளர்ந்தால் ஏற்கெனவே நெகிழ்ந்த இமை மேலும் நெகிழும். பை போன்ற வீக்கம் கூடும்.

ஊசி ஏற்றுமுன் கீழிமையை விரலாற் சற்று இழுத்துவிட்டு, அது எவ்வளவு விரைவாகக் கண்ணோடு மீள ஒட்டுகின்றது எனப் பார்க்கும் எளிய சோதனை வைத்தியர் அறிந்ததே. சில விநாடிகள் போதும். மெல்ல மீளும் இமைக்கு ஊசி உகந்ததன்று எனக் கூறி ஒருவரைத் திருப்பி அனுப்பவும் அதனால் இயலும். திருப்பி அனுப்பப்படுபவர் பணம் செலுத்துவதில்லை என்பதே இச்சோதனையின் பெருங்குறை போலும்.

இரண்டாவது காரணம் உடலமைப்பைச் சார்ந்தது. முகத்தின் தசைகள் வேலியிட்ட காணிகளல்ல. கண்ணைச் சுற்றி வளையம்போல் அமைந்த தசையின் ஓரத்தில், வாய்க்கோடியை மேல் நோக்கி இழுக்கும் தசை தொடங்குகின்றது. ஊசி சிறிது கீழே இறங்கினால், அல்லது மருந்து சிறிது பரவினால், புன்னகை ஒருபுறம் கோணும். நெற்றித் தசையை மிகைபடத் தளர்த்தினாற் புருவம் இறங்கிக் கண்மேற் பாரமாகும். புருவ இடையில் ஏற்றிய மருந்து மேலிமையைத் தூக்கும் தசையை எட்டினால் இமை சரியும். அவ்விடத்துக்கான சோதனைகளிலே ஏறத்தாழ 3 வீதத்தினரில் இது நேர்ந்ததாக மருந்தின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பே கூறும். கண் சிமிட்டல் குறைந்தால் விழி வறளும். அரிதாக, விழியை அசைக்கும் தசையையே மருந்து எட்டி ஒன்று இரண்டாகத் தோன்றுதலும் உண்டு. சரிந்த இமையை ஒரு மில்லிமீற்றரோ இரண்டோ உயர்த்தத்தக்க சொட்டு மருந்து உண்டெனினும், தசையிற் பதிந்த நச்சைத் திரும்பப் பெறும் மருந்து எதுவுமில்லை. பொறுத்திருங்கள் என்னும் முதலாவது மறுமொழியின் உட்பொருள் இதுவே. அது ஆறுதலுரையாகச் சொல்லப்படுகின்றது. உண்மையில் வேறொன்றும் செய்வதற்கில்லை என்ற கையறு நிலையின் ஒப்புதல். மூன்று மாதம் என்பது நாட்காட்டியிற் சிறிது. நாள்தோறும் வகுப்பறையில் நின்று கற்பிப்பவருக்கோ, மகளின் திருமண நாளை எதிர்நோக்கியிருப்பவருக்கோ அது சிறிதன்று.

இரண்டாவது மறுமொழி, அளவு போதவில்லை என்பது. இது சில இடங்களில் உண்மையே. அங்கீகரிக்கப்பட்ட முறைப்படி பொட்டொக்ஸ் கண்ணோரக் கோடுகளுக்குப் பக்கத்துக்கு 12 அலகாக மொத்தம் 24 அலகு ஏற்றப்படவேண்டும். மருந்து குப்பியிலே உலர்ந்த நிலையில் வருகின்றது. அதனை உப்புநீரிற் கரைப்பவர் எவ்வளவு நீர் சேர்த்தார் என்பது ஊசி ஏற்றிக்கொள்பவருக்குத் தெரியாது. ஒரு கம்பனியின் அலகு இன்னொரு கம்பனியின் அலகுக்குச் சமமன்று என்பதும் பலருக்குத் தெரியாது. எடைகட்டும் தராசு கடைக்காரர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும் சந்தை இது. ஆனால், தசைச் சுருக்கத்தாற் பிறவாத கோட்டுக்கு அளவைக் கூட்டுவதென்பது, ஓட்டைக் குடத்துக்குக் கூடுதல் நீர் வார்ப்பது போலாகும். முறையீட்டுக்கு வந்தவள் இரண்டாம் முறை பணம் செலுத்தி வெளியேறுகின்றாள். அதிருப்தியே அடுத்த விற்பனைக்கு வாயிலாகும் விந்தை வேறு எத்தொழிலில் உண்டு?

மூன்றாவது மறுமொழியே மிகக் கொடியது. எதிர்பார்ப்பு யதார்த்தமானதன்று என்று குற்றம் வாடிக்கையாளர்மேற் சுமத்தப்படுகின்றது. அவ்வெதிர்பார்ப்பை அவளுக்குள் விதைத்தவர் யார்? 2013ஆம் ஆண்டின் அங்கீகாரத்துக்கு அடிப்படையான இரு சோதனைகளை நோக்குவோம். முகம் மிகக் கூடுதலாகச் சிரிக்கும் நிலையில், முப்பதாம் நாளன்று, கோடுகளின் கடுமை குறைந்தது இரண்டு படிகளேனும் இறங்கிற்று என வைத்தியரும் ஊசி பெற்றவரும் ஒருமித்து ஒப்புக்கொள்வதே வெற்றி என வகுக்கப்பட்டது. அவ்வாறு வெற்றி கண்டோர் ஒரு சோதனையில் ஏறத்தாழ 26 வீதத்தினர். மற்றதில் ஏறத்தாழ 20 வீதத்தினர். வெறும் உப்புநீர் ஏற்றியவரிடையே வெற்றி ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம்; ஆகவே மருந்து வேலை செய்கின்றது என்பதில் ஐயமில்லை. இவ்வளவுகோல் கடுமையானது என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். வைத்தியரின் மதிப்பீட்டை மாத்திரம் கொண்டால், அல்லது ஒரு படி முன்னேற்றமே போதுமெனக் கொண்டால், வீதம் நன்கு உயரும். எனினும், இருவரும் உடன்பட்டு மாற்றம் பெரிது எனச் சொன்னது நால்வரில் ஒருவரிடத்தும் ஐவரில் ஒருவரிடத்தும் மாத்திரமே என்ற செய்தி எந்த விளம்பரத்தில் இடம்பெற்றது? விளம்பரத்தில் இடம்பெறுவது முன், பின் என்ற இரு புகைப்படங்கள். ஒன்றிலே கண்ணை இடுக்கிச் சிரிக்கும் முகம். மற்றதிலே மென்மையான ஒளியில் மெல்லச் சிரிக்கும் முகம். இப்படங்களைச் சுவரில் மாட்டியவரே எதிர்பார்ப்பின் மிகையைப் பற்றிப் பேசுவது நகைப்புக்கிடமானது.

இங்கு இன்னொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. 1862இல் பிரெஞ்சு வைத்தியர் டுஷேன், மின்னூட்டத்தால் முகத் தசைகளை ஒவ்வொன்றாக இயக்கி ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். வாய்க்கோடியை உயர்த்தும் தசை மனத்தின் ஏவலுக்குப் பணியும். கண்ணைச் சூழ்ந்த தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கே பணியும் என்பது அவர் கண்ட முடிபு. பத்தாண்டின் பின் டார்வின், உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தமது நூலில் அப்புகைப்படங்களை எடுத்தாண்டார். பிற்கால ஆய்வாளர் சிலர், அத்தசையையும் விருப்பப்படி இயக்கவல்லோர் பலர் உளர் எனக் காட்டினர். எனினும் கண் சேராத சிரிப்பைப் பார்ப்பவர் சிரிப்பாக ஏற்கத் தயங்குவர் என்பது அன்றாட அனுபவம். தொல்காப்பியர் நகையை மெய்ப்பாடுகள் எட்டனுள் முதலில் வைத்தார். உள்ளத்து நிகழ்வது உடலிலே தோன்றி, நுண்ணிதின் நோக்குவாரால் உணரப்படுவதே மெய்ப்பாடு. கண்ணோர ஊசி தாக்குவது சரியாக இந்த இடத்தைத்தான். ஆகவே கோடு முற்றாக மறைந்து சிகிச்சை முழு வெற்றி பெறும்பொழுதே, முகத்தில் ஏதோ ஒன்று குறைகின்றது என்ற மனக்குறை பிறப்பதில் வியப்பில்லை. கோட்டை மாத்திரம் அழித்துச் சிரிப்பை முழுதாக விட்டுவைக்கும் ஊசி இல்லை. கோடும் சிரிப்பும் ஒரே தசையின் இரு வேலைகள்.

இவ்விடத்திலே எதிர்ப்பக்கத்தாரையும் விட்டுவைத்தல் தகாது. இவையெல்லாம் பெண்களின் வீண் ஆசையின் விளைவு, பட்டுத் தெளியட்டும் என்று ஏளனம் செய்யும் கூட்டமொன்று எங்குமுண்டு. அவர்களுட் பலர் தம்மை முற்போக்காளர் எனவும் எண்ணிக்கொள்வர். முதுமை ஆணுக்கு அனுபவ முத்திரையாகவும் பெண்ணுக்குத் தகுதியிழப்பாகவும் மதிக்கப்படும் இரட்டை நீதியைச் சூசன் சொன்ராக் 1972இலேயே கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். வேலைத்தலத்திலும் திரையிலும் குடும்பத்திலும் பெண்ணின் முகத்துக்கு விலை குறிக்கும் சமுதாயம், அவ்விலையைக் காத்துக்கொள்ள முயல்பவளைப் பார்த்து வீணாசைக்காரி என்பது கொள்ளையிட்டவன் பறிகொடுத்தவளை ஏசுவதற்கு ஒப்பானது. மேலும், இவ்வேளனம் வாணிகத்துக்கே துணைசெய்கின்றது. ஏளனத்துக்கு அஞ்சியே பலர் தமக்கு நேர்ந்த தீங்கை வெளியிற் சொல்வதில்லை. ஊசி ஏற்றியதை மறைத்தவள், ஊசி பிழைத்ததை யாரிடம் முறையிடுவாள்?

கம்பனிகளின் நிலைப்பாடு பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. அங்கீகாரம் பெறாத பயன்களுக்கு இம்மருந்தை ஊக்குவித்த வழக்கில் 2010இல் அலர்கன் குற்றத்தை ஏற்று, 600 மில்லியன் டொலர் செலுத்தியது. அவ்வழக்கு தலைவலி முதலிய நோய்ப் பயன்கள் தொடர்பானதே. ஆனாற் சந்தையை விரிப்பதற்குச் சட்ட எல்லையும் தடையாக இருக்கவில்லை என்பதை அது காட்டும். 2020இல் அக்கம்பனியை அப்வீ என்னும் கம்பனி ஏறத்தாழ 63 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இப்பொழுது இருபது வயதினரிடத்தும், கோடு தோன்றுமுன்னரே அதனைத் தடுக்க ஊசி ஏற்றிக்கொள்ளுமாறு கூறப்படுகின்றது. பெரியம்மைக்கும் போலியோவுக்கும் தடுப்பூசி கண்ட மருத்துவம், சிரிப்புக்கும் தடுப்பூசி கண்டுவிட்டது.

சட்டத்தின் நிலையோ பரிதாபத்துக்குரியது. இங்கிலாந்திலே 2013இல் புரூஸ் கியோ தலைமையிலான ஆய்வறிக்கை, சத்திரசிகிச்சையல்லாத அழகுச் சிகிச்சை பெறுபவருக்குரிய பாதுகாப்பு, எழுதுகோலோ பற்றூரிகையோ வாங்குபவருக்கு உள்ளதிலும் கூடியதன்று எனச் சுட்டிற்று. 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக இவ்வூசி ஏற்றுவதை அங்கு தடைசெய்வதற்கு 2021 ஒக்ரோபர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. உரிமம் வழங்கும் முறையொன்றை அமைக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டின் சட்டம் அரசுக்கு அளித்தது. 2025இன் நடுப்பகுதியில் அந்நாட்டின் வடகிழக்கிலும் பிற பகுதிகளிலும் அங்கீகாரமற்ற மருந்தை ஏற்றிக்கொண்ட பலர் பொட்டுலின நோய்க்கு ஆளாயினர். விழுங்க இயலாமலும் பேச்சுக் குழறியும் வைத்தியசாலைகளை அடைந்தனர். அமெரிக்காவில் 2004இல் புளோரிடா மாநிலத்திலே, மனிதப் பாவனைக்கென ஆக்கப்படாத ஆய்வுக்கூட நச்சை ஏற்றியதால் நால்வர் உடல் செயலிழந்து வீழ்ந்தனர். ஊசி ஏற்றிய வைத்தியரும் அந்நால்வருள் ஒருவர். 2024இல் அங்கு பல மாநிலங்களில் போலி மருந்தால் மீண்டும் இதே கதை. இவை உச்ச நிலைகள்; கோணிய புன்னகையும் வீங்கிய இமையும் இவற்றோடு ஒப்பிடத்தக்கனவல்ல. ஆயினும் இரண்டும் ஒரே தளர்ந்த ஒழுங்கின் பிள்ளைகள். உயிருக்கு ஆபத்து நேர்ந்தாற் கணக்கெடுக்கப்படும். முகம் கோணினால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவது அரிது.

செய்யத்தக்கது பெரிதொன்றுமன்று. ஏற்றப்பட்ட மருந்தின் பெயரும் தொகுதி இலக்கமும் அலகுகளும் எழுத்தில் கொடுக்கப்படல் வேண்டும். அமைதியான முகத்தையும் சிரிக்கும் முகத்தையும் ஒரே ஒளியில் முன்னரும் பின்னரும் படமெடுத்து ஒரு பிரதி அவளிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். எந்தக் கோடு போகும், எது போகாது என்பது பணம் வாங்குமுன் அவள் முகத்தைத் தொட்டே காட்டப்படல் வேண்டும். பல்வைத்தியர் பல்லைப் பிடுங்குமுன் எந்தப் பல் என்று காட்டுகின்றார். இவ்வளவையும் சட்டத்தின் ஏவலின்றியே செய்யும் வைத்தியர்களும் உளர். செய்வதால் அவர்களிடம் வருவோருட் சிலர் ஊசி ஏற்றாமலே திரும்பிச் செல்கின்றனர்.

ஏனைய இடங்களில் மூன்றாம் மாதம் முடிகின்றது. தசை மீண்டும் இயங்குகின்றது; வீங்கிய இமை சற்றுத் தாழ்கின்றது; கோணிய சிரிப்பு நேராகின்றது; கோடுகளும் தம் பழைய இடத்துக்கு வருகின்றன. அதே வாரத்தில், அடுத்த ஊசிக்கு நேரம் வந்துவிட்டது என்ற நினைவூட்டலும் அவளை வந்தடைகின்றது.